ஆறடித் தொட்டியில் ஒரு ஃபைட்டர்

பாலித்தீன் பையில் மிதந்துகொண்டிருந்த ஒற்றை ஃபைட்டர் மீனை மீன் கடை அப்துல் சலாம் ஆறடித் தொட்டிக்குள் விட்டார்.

அது ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நேராக இடது மூலைக்குப் போனது. மூன்று வருடமாகக் குடியிருந்த பழைய ஓரடித் தொட்டி எவ்வளவோ, அவ்வளவு இடத்துக்குள்ளேயே திரும்பித் திரும்பி நீந்தியது.

“அவ்வளவுதானா பாய்?” என்றான் நவநீதன். மீதி ஐந்தடியும் வெறும் தண்ணீர்.

“அவ்வளவுதான் சார். தண்ணி புதுசு, இன்னும் பழகலை. பழைய ஃபில்டர் பஞ்சை உள்ள போட்டிருக்கேன். மூணு வாரம் கழிச்சு நியான் டெட்ரா ஒரு ஆறு விடலாம். கப்பி மட்டும் கேக்காதீங்க, இவன் அதுங்க வாலைக் கடிச்சுத் துப்பிருவான்.”

நவநீதனிடம் மூன்று வாரம் இல்லை. வைகுண்ட ஏகாதசிக்கு இன்னும் ஒன்பதே நாள்.

ஸ்ரீரங்கத்தில் கூடுதலாக ஓர் அறையுள்ள வீடுகளுக்கு ஏகாதசி சும்மா வராது. அவன் வீட்டுக்கு அது துறையூரிலிருந்து மைத்துனன் பூவரசன் உருவில் வரும். கூடவே மனைவி, இரண்டு பிள்ளைகள். சொர்க்கவாசல் திறப்பதற்கு நாலு நாள் முன்னால் வந்து, அதை மூடிய பிறகும் கிளம்பாதவன். அவன் வந்தால் நவநீதனின் படுக்கை கூடத்துக்கு வந்துவிடும். அந்த நாட்களில் வீட்டில் ஒரே குறட்டைச் சத்தம் என்று பக்கத்து ஃப்ளாட்டில்கூடச் சொல்லியிருக்கிறார்கள்.

அதனால்தான் இந்தத் தொட்டி.

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருபது வருடம் டேப்பும் கையுமாக இருந்தவன், அந்த அறையை அங்குலம் அங்குலமாக அளந்தான். கட்டில் கிடந்த இடத்தில் தொட்டி கச்சிதமாக உட்கார்ந்தது.

ஆனால் ஒரே ஒரு மீன் என்றால் ஆபத்து. இதைப் பழைய தொட்டியிலேயே விட்டுவிட்டுத் தண்ணீரை இறையுங்கள், என் தம்பி வருகிறான் என்று மனைவி ஜோதி சொல்லிவிடுவாள். நாற்பது மீன் இருந்தால் சொல்ல முடியாது.

“ஒரு இருபதாவது விடுங்க பாய். செத்தா என் பொறுப்பு.”

“போட்டு அடைக்கறதுக்கு இது என்ன தஞ்சாவூர் பாசஞ்சரா சார்?” என்று அப்துல் சலாம் பையைச் சுருட்டிக்கொண்டார்.

ஜோதி இதுவரை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை என்பதுதான் அவனுக்கு ஆச்சரியம்.

மீனுக்கு இடம் பத்தவில்லை என்று அவன் ஆரம்பித்ததுமே, “ஆமாங்க, பாவம்” என்றாள். ஐந்தடி போதும் என்றவனிடம், “வாங்கறதே வாங்கறோம், ஆறடியா எடுங்க” என்றாள். கட்டிலைக் கழற்றும்போது மறுமுனையைப் பிடித்ததும் அவள்தான். மொட்டைமாடியில் போடலாம் என்றான். அவள் அதை வாட்ச்மேனுக்கே கொடுத்துவிட்டாள். அவன் யோசித்து வைத்திருந்த பதில்கள் அத்தனையும் வீணாகப் போயின.

இப்படிப்பட்டவளையா ஏமாற்றுகிறோம் என்று அவனுக்கு லேசாக உறுத்தியது.

கூடத்தில் அவளுடைய போன் அடித்தது.

“சொல்லுங்க அண்ணி.”

அறந்தாங்கியில் இருக்கும் அவனுடைய அக்கா செல்லக்கிளி. போன ஆடிப்பெருக்குக்கு வந்து பதினெட்டு நாள் தங்கி, ஜோதியின் சமையலறை டப்பாக்களை எல்லாம் இடம் மாற்றி அடுக்கிக் கொடுத்துவிட்டுப் போனவள். அக்கா எவ்வளவு ஒத்தாசை என்று நவநீதன் இன்றும் பெருமையாகச் சொல்வான்.

“நீங்க வந்தா எனக்குச் சந்தோஷந்தான் அண்ணி. படுக்க இடம்? உங்க தம்பி அந்த ரூம் பூரா மீன் தொட்டியைக் கொண்டாந்து வெச்சுட்டாரு. கட்டில்கூட இல்ல. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்.”

நவநீதன் வாயைத் திறந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஃபைட்டரும் வாயைத் திறந்து மூடியது.

“எந்தம்பியா? அவன் போன மாசமே லாட்ஜ்ல ரூம் போட்டுட்டான் அண்ணி.”

ஜோதி குரலைத் தாழ்த்தினாள். ஆனாலும் கேட்டது.

“இங்க வந்தா இவரு குறட்டையில புள்ளைங்க தூங்க மாட்டேங்குதுங்களாம்.”