சுரண்டிப் பார்த்த மரங்கள்

வன அலுவலகத்து ஜன்னல் எங்கள் மாடிப்படிக்கு நேரெதிரே இருக்கிறது. நான் பார்க்காமல் இருந்தால்தான் தப்பு. உச்சிவெயிலில் மின்விசிறி முனகுகிறது. மேசையில், பக்கத்துப் பக்கத்து நாடுகள் ஐந்தும் கூடிப் பேசி அச்சடித்த படிவம். வறண்ட காடுகளை எல்லோரும் ஒரே மாதத்தில் எண்ண வேண்டுமாம். அந்த மாதத்தில் நம் காட்டில் ஒரு இலை கிடையாது. உயிருள்ள மரமும் செத்த மரமும் ஒரே மொட்டைதான். வனக்காவலர் மட்டும் ஒவ்வொரு மரத்தின் பட்டையையும் நகத்தால் சுரண்டிப் பார்த்திருக்கிறார். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர், பழுப்பென்றால் போயிற்று. “பாதிக்கு மேல செத்துப்போச்சு சார். நல்லா இருக்குன்னு எழுதினா உடனே வெட்ட அனுமதி குடுத்துருவாங்க. மிச்சமும் போயிடும்,” என்கிறார். அதிகாரி படிவத்தைத் தட்டுகிறார். “சுரண்டுறதுக்கு இதுல கட்டம் இருக்காய்யா? மரம் நிக்குதா இல்லையா?” “கரண்ட் கம்பமும்தான் நிக்குது சார்.” அதிகாரி சிரித்தபடி, காவலர் சாட்சிக்குக் கொண்டுவந்த சுள்ளிகளில் நீளமானதை எடுத்து, காலருக்குள் விட்டு முதுகைச் சொறிகிறார். அது படக்கென்று ஒடிகிற சத்தம் என் படிவரை கேட்கிறது. முதுகில் சிக்கிய பாதிக்காக நெளிந்துகொண்டே ‘நல்ல நிலை’ என்ற கட்டத்தில் டிக் போட்டு, படிவத்தைக் காவலர் பக்கம் தள்ளுகிறார். காவலர் நின்றபடியே கையெழுத்துப் போடுகிறார். பழக்கதோஷம், அவருடைய இடதுகை நகம் மேசை விளிம்பைச் சுரண்டுகிறது. அங்கேயும் பழுப்புதான்.