ஐந்தாவது புகார்

"கடகடன்னு ஒரு சத்தம் வருதே, எங்கேயிருந்து அது?" என்று டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரின் மனைவி கேட்டாள்.

காலையில் எழுந்ததிலிருந்து அது ஐந்தாவது புகார்.

முதலில் ஃபிரிட்ஜ் உறுமுகிறது என்றாள். பிறகு அவருடைய செருப்பு. அப்புறம் டம்ளரில் அவர் ஸ்பூனைப் போட்டுக் கலக்கிய விதம். அதற்கும் அப்புறம் செய்தித்தாளை அவர் மடித்த விதம்.

மாஸ்டர் எதற்கும் மறுபேச்சு பேசவில்லை. செருப்பைக் கழற்றி வாசலில் விட்டார். செய்தித்தாளை மடிக்காமல் மேஜைமேல் விரித்தபடியே நின்றுகொண்டு படித்தார். பிரேக் எது, கிளட்ச் எது என்று தெரியாதவர்களின் பக்கத்து சீட்டில் இருபது வருடம் உட்கார்ந்த மனிதர். பொறுமைக்குக் கேட்பானேன்.

ஆனாலும், காலையிலிருந்து வரிசையாகத் திட்டு வாங்குகிற ஆளின் முகமாக அது இல்லை. பரிசு விழுந்தவர் முகமாக இருந்தது.

சத்தம் அவளுடைய கம்ப்யூட்டரிலிருந்து வந்தது. சமையலறை அலமாரிகளை நாலு பக்கமும் திருப்பிப் பார்க்கிற மாதிரி திரையில் வரைந்து கொடுப்பது அவள் தொழில். அதற்கென்றே உள்ளே ஒரு பெரிய கிராஃபிக்ஸ் கார்டு. அது சூடாகாமல் இருக்க அதன்மேல் இரண்டு சின்ன ஃபேன். அதில் ஒன்று அச்சு தேய்ந்து, தள்ளாடித் தள்ளாடி, பிளாஸ்டிக் மூடியில் இடித்துக்கொண்டிருந்தது.

மாஸ்டருக்கு அந்தச் சத்தம் அத்துப்படி. வண்டி கண்ணில் படும் முன்பே எந்த கியரில் வருகிறது என்று சொல்கிற காது அவருக்கு.

"இன்னும் ஒரு மணி நேரம் இது இப்படியே கத்துச்சுன்னா, கழட்டி டிராயர்ல போட்டுடுவேன். சொல்லிட்டேன்" என்றாள்.

மாஸ்டர் முகத்திலிருந்த சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

அவசர அவசரமாகக் கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தார். ஒரு குச்சியால் ஃபேனின் நடுவில் லேசாக அழுத்தினால் சத்தம் நின்றது. எடுத்தால் மறுபடியும் கடகட. தன் விசிட்டிங் கார்டை நாலாக மடித்து இடுக்கில் செருகினார். ஃபேன் அடியோடு நின்றது. அமைதி. தன் கெட்டிக்காரத்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார்.

அந்த மெச்சல் பத்து நிமிடம் தாங்கியது.

கிராஃபிக்ஸ் கார்டு கொதித்துப்போய், காலையிலிருந்து அவள் வரைந்த அலமாரி வரிசையோடு திரை கறுத்துப்போனது.

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். சுவரில் வண்டியை ஏற்றியவர்களைக்கூட மாஸ்டர் அப்படி ஒரு பார்வை பார்த்ததில்லை.

பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, வெறுங்காலோடு இரண்டு தெரு தாண்டி ரிப்பேர் கடைக்கு ஓடினார்.

கடையில் இருந்த பெண் கொண்டையில் ஸ்க்ரூடிரைவரைச் செருகியிருந்தாள். ஃபேனை ஒரு விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். செத்துப்போன இன்னொரு கார்டிலிருந்து அதே அளவு ஃபேனைக் கழற்றி இதில் மாட்டினாள். உள்ளேயிருந்து ஒரு பூனைக்குட்டி அளவுக்குத் தூசியை எடுத்து வெளியே போட்டாள்.

தேய்மானத்தைப் பார்த்தால் ரெண்டு வருடமாவது கத்தியிருக்கும், வீட்டில் இருக்கிறவர்கள் எப்படித்தான் தாங்கினீர்களோ என்று கேட்டாள்.

என் வீட்டுக்காரி இன்றைக்குத்தான் சொன்னாள் என்றார் மாஸ்டர். பிள்ளைக்கு முதல் பல் முளைத்த சேதியைச் சொல்கிறவர் மாதிரி சொன்னார்.

அவருடைய வெறுங்காலைப் பார்த்துவிட்டு, பாவம், பெண்டாட்டிக்கு ரொம்பப் பயந்தவர் போலிருக்கிறது என்று அந்தப் பெண் நினைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து ஒயர்களைச் சொருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவிட்சைப் போட்டார். இரண்டு ஃபேனும் சுற்றின. சத்தமே இல்லை. நல்ல வேளையாக, வரைந்ததில் முக்கால்வாசி தானாகவே பதிவாகியிருந்தது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, திரையைப் பார்த்து உட்கார்ந்து வேலையைத் தொடங்கினாள்.

மாஸ்டர் அவள் முதுகுக்குப் பின்னால் கதவோரம் நின்று, வழக்கமான உச்சக் குரலில், சத்தம் போய்விட்டதா என்று கேட்டார்.

"ஏன் கத்துறீங்க? கேக்குது" என்றாள், திரும்பாமலே.

மாஸ்டர் கதவைப் பிடித்துக்கொண்டார்.

கல்யாணமாகி இந்த எட்டு வருடத்தில், அவர் உதட்டைப் பார்க்காமல் அவள் அவருக்குப் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவள் காதுக்குப் பின்னால், நேற்று சாயங்காலம் டாக்டர் மாட்டிவிட்ட மெஷின், அவரைக்கொட்டை அளவில், இருந்த இடத்திலேயே இருந்தது. இதற்கு முன் வாங்கிய இரண்டையும், ஒரே இரைச்சல் என்று சொல்லி, ஒரு நாள்கூட வைத்திருக்காமல் கழற்றி டிராயரில் போட்டவள் அவள். இந்த மூன்றாவது மெஷின் மத்தியானத்தைத் தாண்டிவிட்டது.

தொண்டையைச் சரிசெய்துகொண்டு, டீ வேண்டுமா என்று சாதாரணக் குரலில் கேட்டார். வேண்டும் என்று பதில் வந்தது.

ரெண்டு அடி பின்னால் போய், இன்னும் மெல்ல, சர்க்கரை எவ்வளவு என்று கேட்டார். இத்தனை வருடம் கழித்து இதென்ன கேள்வி, அரை ஸ்பூன்தான் என்று வந்தது.

மாஸ்டர் கூடத்தின் அந்தக் கோடி ஜன்னல் வரைக்கும் போனார். அங்கே நின்று மூன்றாவதாக அவர் முணுமுணுத்தது நமக்கே கேட்கவில்லை.

உள்ளேயிருந்து ஒரு பென்சில் பறந்து வந்தது.