பின்பக்கம் பாதாளம்

“அசையாதீங்கண்ணே! பின்பக்கம் பூராப் பாதாளம்!”

வெளியிலிருந்து டிரைவர் அடைக்கலம் போட்ட கூச்சலில், டிரெய்லருக்குள் இருந்த சமையல்காரர் ஞானமுத்து அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டார். ஜீப்பிலிருந்து கழன்ற டிரெய்லர், ‘தடால்’ என்று பின்புறமாகச் சாய்ந்து கிடந்தது. பங்களாத் துரையின் டிரங்குப் பெட்டி சரிந்து வந்து அவர் மடியில் உட்கார்ந்துகொண்டது.

“பெருமாள்மலைக்குப் போயி ஆளும் வடமும் வெரசாக் கொண்டாறேன். அதுவரைக்கும் அசையாதீங்க. பாரம் கொஞ்சம் பின்னால போனாலும் அம்புட்டுத்தான்!”

ஜீப் உறுமிக்கொண்டு போய்விட்டது.

படுக்கை, அடுப்பு, அலமாரி எல்லாம் உள்ள குட்டி வீட்டு வண்டி அது. வெயில் காலம் வந்தால் துரையும் துரையம்மாவும் காரில் கொடைக்கானலுக்கு முன்னால் போய்விடுவார்கள். போன வருஷம் மலைப்பாதையில் பீங்கான் சாமான் முக்கால்வாசி நொறுங்கியதால், சாமான்கள் ஆடாமல் பிடித்துக்கொள்ள ஞானமுத்துவும், ஆயா வேலை பார்க்கும் அவர் மனைவி புஷ்பமேரியும் உள்ளேயே உட்கார்ந்து வரவேண்டும் என்று இந்த வருஷம் உத்தரவு. கதவு ஆட்டத்தில் திறந்துகொள்ளாமல் இருக்க வெளியே தாழ்ப்பாள். சாமானுக்கு இருந்த மரியாதை ஆளுக்கு இல்லை.

பெட்டிகளைத் தாம்புக்கயிற்றால் கட்டி, இடுக்குகளில் கம்பளியைத் திணித்து, கண்ணாடி உடையாமல் ஜன்னல்களை மெத்தையால் மூடியிருந்தாள் புஷ்பமேரி. எட்டிப் பார்க்கக்கூட வழியில்லை. ஞானமுத்துவின் மடியில் பெட்டி, தோளில் அரிசி மூட்டை, முதுகுக்குப் பின்னால் ஒரு பலகை. அந்தப் பலகைக்கு அப்பால் பாதாளம். வண்டிக்கு அடியில் ஒரு கோழி கொக்கரித்தது. உயிர்ப் பயத்தில் அவர் காதில் எதுவும் ஏறவில்லை.

“மேரி, சாமியார் இல்லாம, பாவசங்கீர்த்தனம் பண்ணாம சாகப்போறேன்டி. எனக்கு நரகந்தான்.”

“எங்கிட்டச் சொல்லுங்க. மேல இருக்கவரு கேட்டுக்கிடட்டும்.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். “போன வருசம் அந்தப் பெரிய சூப்புச் சட்டி ரோட்டுல உடையலை. கெளம்புறதுக்கு முன்னாடியே நாந்தான் கைதவறிப் போட்டேன்.”

“தெரியும். அப்புறம்?”

“துரை பிராந்தியில டீத்தண்ணியக் கலந்தது…”

“அதுவுந் தெரியும். அப்புறம்?”

அவர் ஜெபத்தை முணுமுணுக்கத் தொடங்கினார். புஷ்பமேரி மூக்கை உறிஞ்சினாள்.

“ஒத்தப் புள்ள லீமா. அவ மொகத்தப் பாக்காமலே போகப்போறேன். ரெண்டு வருசமா ஒரு காயிதங்கூடப் போடலியே பாவி மக.”

பழனிக்காரன் தண்டாயுதபாணியைக் கட்டிக்கொண்டு லீமா போன அன்றைக்கே, ‘என் மக செத்துட்டா’ என்று சொன்னவர் ஞானமுத்து. வீட்டில் அவள் பெயரை யாரும் எடுக்கக் கூடாது. கிறிஸ்தவ வேதத்தை விட்டுப் போனவளுக்கு அதுதான் தண்டனை என்று வீறாப்பாகத் திரிந்தவர், இப்போது அரிசி மூட்டைக்கு அடியில் விக்கி விக்கி அழுதார்.

“போட்டா மேரி. மூணு காயிதம் போட்டா. பங்களா விலாசத்துக்குத்தான் வந்துச்சு. ஒனக்குத்தான் படிக்கத் தெரியாதே, அடுப்புல போட்டுட்டேன்.”

புஷ்பமேரிக்கு எட்டி அவர் சட்டையைப் பிடித்து உலுக்கவேண்டும்போல ஆத்திரம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“எங்க இருக்கா?”

“தாண்டிக்குடியில. காப்பித் தோட்டத்துல அவனுக்கு வேலை.”

“எந்தத் தோட்டம்?”

“ஊரத் தாண்டி மேட்டுல மொதத் தோட்டம். பொட்டப்புள்ள பொறந்திருக்காம். ஓம் பேரத்தான் வச்சிருக்காளாம். என்னை மன்னிச்சிருடி. ஆண்டவன் மன்னிக்காட்டியும் நீ மன்னிச்சிரு.”

அவள் பதில் சொல்வதற்குள் தாழ்ப்பாள் விலகியது. கதவு திறந்தது, வெளிச்சம் முகத்தில் அடித்தது.

ஞானமுத்து கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். பாதாளமும் இல்லை, பள்ளமும் இல்லை. ஒரு டீக்கடையின் கொல்லைப்புறம். வண்டியின் பின்பக்கம் சமதரையில் சொகுசாகக் கிடந்தது. அடைக்கலம் கையில் டீ டம்ளரோடு, அவர் முகத்தைப் பார்க்கமுடியாமல் தலையைச் சொறிந்தபடி நின்றான்.

“ஏலே அடைக்கலம், என்னலே இது?”

புஷ்பமேரி பெட்டிகளைத் தாண்டிக் கீழே குதித்தாள்.

“நான் சொன்ன மாதிரியே வண்டியக் கழட்டிவிட்டீங்கள்ல, பலிச்சிருச்சு தம்பி, எம்மக தாண்டிக்குடியில இருக்கா!”