டேக் பத்து

"டேக் ஒன்பது!" என்றாள் தூலிக்கி. கதை, வசனம், இயக்கம், தயாரிப்பு எல்லாம் அவளே.

ரெய்னோ கையிலிருந்த தாளை ஒருமுறை பார்த்துவிட்டு, கேமராவுக்குப் பக்கத்தில் நின்ற அவளைப் பார்த்துச் சொன்னார். "உன்னை நெனச்சா எனக்குப் பெருமையா இருக்கும்மா."

"இன்னொரு தடவை, ரெய்னோ."

"லாரி ஓட்டி ரிட்டயரானவனை நடிக்கச் சொன்னா இப்படித்தான். ஹெல்சின்கியிலேர்ந்து நல்ல நடிகரா பார்த்திருக்கணும்."

"அவங்க காபிக்கும் பன்னுக்கும் நடிக்க வரமாட்டாங்களே!" என்று சிரித்தாள் கேமராவைப் பிடித்திருந்த கைசா.

"இதையும் ஒரு வேலைன்னு பண்றீங்க பாரு!" என்றார் ரெய்னோ.

தூலிக்கி முகம் கழுவப் போனாள். ரெய்னோ குரலைத் தாழ்த்தினார். "நெஜமாவே அவ்வளவு மோசமாவா நடிக்கிறேன்?"

"முதல் தடவையே பிரமாதம். நாலாவதோட கேமரா பேட்டரி தீர்ந்துபோச்சு. அப்பவே அவகிட்ட சொல்லிட்டேன்."

"அப்புறம் எதுக்கு இத்தனை தடவை?"

கைசா அவர் கையிலிருந்த வசனத் தாளைக் கண்ணால் காட்டினாள். ரெய்னோ அந்த ஒரு வரியை இன்னொரு தடவை படித்தார். பிறகு அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

தூலிக்கி ஈர முகத்தோடு வந்து அதே இடத்தில் நின்றாள். படப்பிடிப்பில் இதுவரை பேர் சொல்லியே கூப்பிட்டவள், இப்போது வீட்டில் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டாள்.

"டேக் பத்து. இதுதான் கடைசி... அப்பா."