பஸ் திரையில் ஒரு போராளி

கிளிநொச்சிக்குப் போகும் பஸ் ஓமந்தையைத் தாண்டி ஓடுகிறது. சாரதியின் தலைக்கு மேலுள்ள சின்னத் திரையில் இந்தியாவில் எடுத்த சண்டைப்படம் ஒன்று போகிறது. மத்தியான வெயில் பட்டு அதன் நிறங்கள் வெளிறித் தெரிகின்றன. சீருடை போட்ட போராளிப் பெண் ஒருத்தி, உதட்டுச்சாயம் கலையாமல், சட்டையின் மேல் பொத்தான்கள் திறந்திருக்க, கதாநாயகனின் நெஞ்சில் சாய்ந்து அழுகிறாள். பின் சீற்றில் யாரோ விசில் அடிக்கிறார்கள். தர்மிளாவும் ஒருகாலத்தில் இயக்கத்தில் இப்படிச் சீருடை போட்டவள்தான். அது கணவனுக்குத் தெரியும். பக்கத்தில் இருக்கும் மாமியார் இரஞ்சிதத்துக்குத் தெரியாது. அவர் சண்டைக்காலம் முழுவதும் கொழும்பில் இருந்தவர்.

"இயக்கத்துப் பெட்டையள் இப்பிடித்தான் திரிஞ்சவளவையாமே?" திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் கேட்கிறார் இரஞ்சிதம். தர்மிளா பேசாமல் இருந்துவிடலாம். ஆனால் திரையில் அந்தப் பெண்ணைச் சிலர் தலைமயிரில் பிடித்து இழுத்துப்போக, பின்னால் சிரிப்பு எழுகிறது.

"இல்லை மாமி. நாங்கள் கழுத்துப் பொத்தானும் பூட்டித்தான் போட்டனாங்கள்."

'நாங்கள்' என்று சொன்னது அவளுக்கே பிறகுதான் கேட்கிறது. அவள் மடியைப் பார்க்கிறாள். இரஞ்சிதம் மெல்லத் திரும்பி, மருமகளின் முகத்தை நெடுநேரம் பார்க்கிறார். பிறகு அவளின் மணிக்கட்டை இறுகப் பிடிக்கிறார்.

"மெல்லக் கதை பிள்ளை," என்கிறார் காதோரமாக. "ஆமிக்குச் சொல்லிக்குடுக்க முன்னுக்கு ஆர் இருக்கினமோ தெரியாது."