கழுத்தும் முகமும்

பகல் பதினொரு மணி. அவள் படுக்கையறை ஜன்னல் திரையை விலக்கியதும் வெளிச்சம் கழுத்தில் விழுகிறது. அங்கே நான்கு விரல்களின் தடம் கருநீலமாகக் கன்றிக் கிடக்கிறது. தலையணைமேல் சாய்த்த போன் சரிய, நிமிர்த்தி வைக்கிறாள். “முகமும் காயமும் ஒரே படத்துல விழணும்டி. இல்லேன்னா வேற யாரோட கழுத்தோன்னு உன் புருஷன் சாதிச்சிடுவான்னு வக்கீலம்மா சொன்னாங்க,” என்று ஸ்பீக்கரில் அக்கா கிசுகிசுக்கிறாள். டைமர் பத்திலிருந்து இறங்குகிறது. கேமராவைக் கண்டதும் பழக்கதோஷத்தில் உதடு சிரிக்கப் பார்க்கிறது. பல்லைக் கடித்து அடக்குகிறாள். அந்த நேரம் பார்த்துக் கீழே பைக் வந்து நிற்கிறது. உடம்பு தூக்கிப்போட, படம் கலங்கி விழுகிறது. “அக்கா, அவர் வந்துட்டார்.” “ஐயோ, போனை ஒளிச்சு வைடி! நானும் அண்ணனும் தெருமுனைக்கு வந்துட்டோம்.” அவள் ஒளிக்கவில்லை. மறுபடி டைமரை அழுத்திவிட்டு ஜன்னலருகே போய் நிற்கிறாள். படியில் செருப்புச் சத்தம் ஏறிவருகிறது. மூன்று, இரண்டு, ஒன்று. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆடாமல் நிற்கிறாள். இந்த முறை எல்லாம் தெளிவாக விழுந்திருக்கிறது, கண்ணில் இருக்கும் பயம் உட்பட. அனுப்புகிறாள். வாசல் கதவில் சாவி திரும்புகிறது. “படம் வந்துடுச்சுடி,” என்கிறாள் அக்கா, மூச்சிரைக்க. “நாங்க மாடி ஏறிட்டிருக்கோம்.”