பிரதம விருந்தினரின் கோபம்

"யாருப்பா அந்த ஃபேனை என் மூஞ்சிக்கு நேரா வெச்சது?"

மாத்தளை மண்டபம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. மேடையோரத்து ஃபேனைக் காட்டி, முன்வரிசையில் எழுந்து நின்று கத்தியவர் அன்றைய பிரதம விருந்தினர், நடிகை சந்திரவதனா.

மேடையில் அப்போது லோஷினியின் நடனம்.

மூன்றாவது வரிசையில் இருந்த அவள் அம்மா அழகம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகள் முதல் தடவையாகத் தனியாக ஆடுகிறாள் என்று, அன்றைக்குத் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகாமல் எல்கடுவைத் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். 'தோட்டத்துப் பிள்ளைக்குத் தனி ஆட்டமா?' என்று முணுமுணுத்த டவுன்காரர்கள் அத்தனை பேரும் இங்கேதான் இருந்தார்கள். இன்றைக்கு நன்றாக ஆடினால் கொழும்புப் போட்டிக்கு அனுப்புவதாக டீச்சர் வாகினி சொல்லியிருந்தார்.

"மேக்கப் கலையுதில்ல! அந்தப் பக்கம் திருப்புங்க. அங்க இல்ல, இங்க!"

விழாப் பொறுப்பாளர் ஓடிவந்து ஃபேனைத் திருப்பினார். அப்போதும் நடிகை அடங்கவில்லை. கையை உயர்த்தினார், விரித்தார், நெற்றியில் வைத்துக்கொண்டார். பாட்டு அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நடனத்தைப் படம் எடுத்தவர்கள்கூட போனை அவர் பக்கம் திருப்பிவிட்டார்கள்.

"பரதத்துல பேரெடுத்துத்தான் சினிமாவுக்குப் போனாங்களாம். முப்பது வருஷம் நடிச்ச பவுசைப் பாருங்க!" என்றார் பக்கத்து நாற்காலி துணிக்கடை புஹாரி.

ஒருவழியாக நடிகை உட்கார்ந்தபோது லோஷினி ஆடி முடித்து வணங்கிக்கொண்டிருந்தாள். கைதட்டல் பலமாகத்தான் இருந்தது. அழகம்மாவுக்கு மனசு ஆறவில்லை.

விழா முடிந்ததும் வேன் பக்கத்தில் நடிகையை மறித்துக்கொண்டாள்.

"நீங்க பெரிய ஆளா இருக்கலாம். எம் புள்ள ஆடுற கொஞ்ச நேரத்தையும் விட்டுவைக்கக் கூடாதாம்மா?"

நடிகை அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சிருங்கம்மா. நடிகை இல்லையா, எல்லாரும் என்னையே பாக்கணும்னு ஒரு பழக்கம்."

வேன் போய்விட்டது. சலங்கையைக்கூடக் கழற்றாமல் லோஷினி ஓடிவந்தாள்.

"அவங்க எங்கம்மா?"

"போய்த் தொலையட்டும். உன் ஆட்டத்தையே கெடுத்துட்டா அந்தப் பொம்பள."

"ஐயோ, அப்படிச் சொல்லாதம்மா! நடுவுல எனக்கு எல்லாமே மறந்துபோச்சு. அப்படியே நின்னுட்டேன், அழுகையே வந்துருச்சு. கண்ணு மூடித் தொறக்கிறதுக்குள்ள அவங்க எந்திரிச்சு சத்தம் போட ஆரம்பிச்சாங்க. கத்திக்கிட்டே, பாட்டுல வந்த வரிக்கெல்லாம் கையால அபிநயம் காட்டுனாங்க. அதப் பாத்துத்தாம்மா ஆடி முடிச்சேன்."

அழகம்மாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

லோஷினி குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "நான் மறந்து நின்னத யாராச்சும் பாத்தாங்களாம்மா?"

"இல்லடி. நான்கூடப் பாக்கல. எல்லாருமே அவங்களத்தான் பாத்துக்கிட்டிருந்தோம்... திட்டிக்கிட்டே."